குலுக்கையில் வைத்த பாடம்

இப்போதெல்லாம் எவனுக்கும் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. சர்க்கரைக் கூப்பனை எங்கே வைத்தேன் என்று வீட்டையே புரட்டுகிறான். சந்தைக்குப் போனவன் பாதி வழியில் திரும்பி வந்து, என்ன வாங்கச் சொன்னீர்கள் என்று கேட்கிறான். எங்கள் சபை உபதேசியார் சீட்டைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறார். சீட்டு காற்றில் போய்விட்டால் கண்ணை மூடியபடி அப்படியே நிற்கிறார். கேட்டால் யுத்த காலம், மனசு ஒரு நிலையில் இல்லை என்பார்கள். யுத்தம் நடப்பது அஸ்ஸாம் பக்கம். இவர்கள் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அது போதாது என்று இப்போது ஒரு புதுக் கூத்து. ஞாபகம் வைத்துக்கொள்ளவே யுக்தி இருக்கிறதாம். அந்தக் கூத்து என் வீட்டுக்குள் நுழைந்து அம்மி, அடுப்பு, கோழிப் பஞ்சாரம் என்று ஒவ்வொன்றின் மேலும் ஏறி உட்கார்ந்ததைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் பாதி எழுதி விட்டிருந்தேன்.

படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். என் மகன் அமிர்தராஜ் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் பெண்சாதி ஜெயசெல்வி அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் வேலை படித்தாள். கடைசியில் ஒரு வாய்ப் பரீட்சை. அதில் தோற்றுப்போய் வந்தாள். இன்னும் ஒரு தடவைதான் விடுவார்கள், அதிலும் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அங்கே இருக்கும் ரோஸி நர்ஸு சொல்லியனுப்பினாள்.

முதல் தடவை ஜெயசெல்வி படித்த படிப்பு எனக்கு ஒப்புதலான படிப்பு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வசனம் ஒப்பிக்கிற ராகத்தில் முதலிலிருந்து கடைசி வரைக்கும் சத்தமாக வாசிப்பாள். திரும்பவும் முதலிலிருந்து வாசிப்பாள். தெருவுக்கே கேட்கும். படிக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது.

"முதல்ல இருந்து சொல்லச் சொன்னா மடமடன்னு சொல்லிருதா. நடுவுல ஒண்ணைக் கேட்டா நின்னுருதா" என்று ரோஸி குறை சொன்னாள்.

இதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஜெயசெல்வி என்னிடம், "மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய வசனப் பகுதி இருக்கே, அதுல நடுவுல உள்ள வரி என்ன, சொல்லுங்க" என்றாள். நான் ஆரம்பத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இடையில் என் பெண்சாதி ஞானப்பூ, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. பொழுது சாய்ந்தால் வீடு இருட்டு. படிப்பு இதோடு நின்றது என்று நினைத்தேன். நிற்கவில்லை. இருட்டில் சுவரோரம் உட்கார்ந்து, பகலில் படித்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். எடுக்க வராததை மட்டும் மறுநாள் வெளிச்சத்தில் புத்தகத்தில் பார்ப்பாள். இருட்டிலும் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை நேராகப் போகிறதல்லவா, அந்த மாதிரி பாடமும் வர வேண்டும் என்று, ரோஸி சொல்லிக்கொடுத்தபடி வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாடத்தை வைத்தாளாம். வாசல்படியில் நகம் வெட்டிக் கை கழுவுவது. அடுப்பில் கத்திரிக்கோலையும் நூலையும் கொதிக்கவைப்பது. அம்மியில் தொப்புள்கொடி கட்டுவது. இப்படி வீடு முழுக்க.

அதிலும் நேற்றுச் சரியாக வந்ததை இன்றைக்குத் தொடமாட்டாள். சில நாள் விட்டு, பாதி மறந்த பிறகு எடுத்துப் பார்ப்பாளாம். அப்போதுதான் நிற்குமாம்.

"மறக்கட்டும்னு விட்டு வச்சுப் படிக்கிறவளை நான் இப்பத்தான் பாக்கேன்" என்றேன்.

"மாடு தின்னுட்டுப் படுத்து அசை போடலையா? அப்பவும் பக்கத்துல நின்னு தின்னு தின்னுன்னு அதட்டுவீகளா? சும்மா விடுங்க அவளை" என்றாள் ஞானப்பூ.

விட்டேன். பரீட்சை நாளும் வந்தது.

கிறிஸ்துமஸ்ஸுக்கு முந்தின வாரம் அது. எங்கள் தெருவில் பண்டிகைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்து வெள்ளையடிப்பது வழக்கம். ஓட்டை உடைசல் வரைக்கும் வெளியே வந்து வெயிலில் கிடக்க வேண்டும். அதைச் செய்யாதவன் வீட்டுக்குப் பண்டிகைப் பலகாரம் கொண்டுவருகிறவர்கள் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுண்ணாம்பு ஊறிக் கிடந்தது. வெள்ளையடிக்கும் சின்னச்சாமியை அன்றைக்கு விட்டால் பாலவனத்தம் பக்கம் போய்விடுவான். ஜெயசெல்வி தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து நாங்கள் இருவருமாகச் சாமானை வெளியே எடுத்தோம். பரீட்சைக்குப் போகிறவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் அந்த நேரத்தைப் பார்த்தேன்.

எல்லாம் வந்தது. மூலையில் இருந்த குலுக்கை மட்டும் அசையவில்லை. கம்பு கொட்டிவைக்கும் ஆளுயர மண் குலுக்கை. என் தகப்பனார் காலத்திலிருந்து அதே இடத்தில் நின்றது.

"ஐயா, இது சுவரோட ஒட்டிப்போச்சு. இதை விட்டுட்டுச் சுத்தி அடிச்சுருவோம்" என்றான் சின்னச்சாமி.

"சுத்தி அடிக்க உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்? நெம்பு."

நெம்பினான். குலுக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வயிற்றில் கீறல் விட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. உள்ளே தானியம் இல்லை.

"நான் சொன்னேம்லா" என்றான்.

"சொன்னவன் மெதுவா நெம்பிருக்கணும்."

அந்த நேரத்தில் ஜெயசெல்வி இடுப்பில் குடத்தோடு வந்தாள். வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை.

"மாமா, அம்மி எங்க?"

"வேம்புக்கு அடியில. எதுக்கு, இப்பப் போயி அரைக்கப்போறியா?"

"பஞ்சாரம்?"

"வேலி ஓரமாக் கெடக்கு."

"குலுக்கை?"

சின்னச்சாமிக்குத் திடீரென்று வேலையில் அக்கறை வந்து, மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றான். கேட்டவளே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பின்கட்டிலிருந்து ஞானப்பூ வந்தாள். "என்ன மனுசன் நீங்க? வீட்டை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுப் பொறப்படுவோம்னு இருந்தா. படிச்சதெல்லாம் இதுகள்லதான வச்சிருக்கா."

"படிச்சதை மண்டையில வைக்கணும். அம்மிக்கல்லுல வச்சா நான் என்ன பண்ண?"

"அவ மண்டைக்குள்ள இருக்கதே இந்த வீடுதான்."

"அப்ப மண்டைக்குள்ள இருக்க வீட்டுல அம்மி அங்கனதான இருக்கும்? நான் அதையா தூக்குனேன்?"

ஜெயசெல்வி குடத்தை இறக்கிவைத்தாள்.

"மாமா சொல்றதும் சரிதான் அத்தை. மனசுல இருக்கது அப்படியேதான் இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குச் சேலை மாற்றப் போனாள். போகும்போது உடைந்து கிடந்த மூலைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

துணைக்கு நான்தான் போக வேண்டும். வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தோம். பஸ்ஸா அது? பெட்ரோல் கிடையாது என்று கரியில் ஓடுகிறது. பின்னால் ஒரு பீப்பாய், அதற்குள் நெருப்பு. கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். அவள் பொம்பளைகள் இருக்கும் பலகையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு நேர் பின்னால்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"எடுத்து ஒரு தரம் பாத்துக்கயேம்மா."

"வேண்டாம் மாமா. புத்தகத்தைத் திறந்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். மூடி வச்சாத்தான் எது தெரியலைங்கிறது தெரியும். யாராவது கேள்வி கேட்டா நல்லாருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நீங்க கேக்கீகளா?" என்றாள்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பிரசவப் பாடத்தை மாமனார் மருமகளிடம் பஸ்ஸில் வைத்துக் கேட்பது எந்த ஊரில் நடக்கும்? அவளுக்கே புரிந்துவிட்டது.

"பாடத்தைக் கேக்க வேண்டாம். சாமான் பேரை மட்டும் சொல்லுங்க. முன்னப்பின்ன மாத்திச் சொல்லுங்க. அதுல வச்சதை நான் மனசுக்குள்ள எடுத்துப் பாத்துட்டுத் தலையை ஆட்டுதேன்."

இதில் அசிங்கம் ஒன்றுமில்லை என்று பட்டது. "அம்மி" என்றேன். தலையை ஆட்டினாள். "வாசல்படி." ஆட்டினாள். "பஞ்சாரம்." உதடு கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு ஆட்டினாள். "அடுப்பு. உறி. தண்ணிப் பானை. கட்டில்."

பக்கத்தில் வெற்றிலைக் கட்டோடு வந்த வீரசோழன் வியாபாரி ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "என்ன அண்ணாச்சி, பாகம் பிரிக்கீகளா?" என்றார். "அந்தப் பிள்ளை எல்லாத்துக்கும் சரி சரிங்குது. உங்களுக்குப் படுக்கக் கட்டிலையாச்சும் நிறுத்திக்கங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. கிளீனர்கூடக் கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்தான்.

"பாய், வெத்தலை வாடுது. அதைப் பாருங்க" என்றேன்.

ஜெயசெல்வியும் சிரித்திருப்பாள் போலிருக்கிறது, முதுகு குலுங்கியது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தலையை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம், என் வீட்டு மாடும் ஆட்டும். உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படிக் கண்டேன்? அதனால் சட்டென்று, "குலுக்கை" என்றேன்.

தலை ஆடவில்லை.

வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்திச் செடி பூவும் பிஞ்சுமாக நின்றது. நான் இன்னொரு தரம் சொன்னேன்.

"அது உடைஞ்சு கெடக்குல்ல மாமா" என்றாள் திரும்பாமலே. "நினைச்சா ஓடு மட்டுந்தான் தெரியுது. அதுல வச்சது வரமாட்டேங்குது."

"என்ன வச்ச?"

"பிறந்த பிள்ளை அழலைன்னா என்ன செய்யணும்ங்கிறதை."

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தக் குலுக்கை ஓரமாகத்தான் அவளுக்குப் பாய் விரித்தார்கள். தலைப்பிள்ளை. நான் வெளியே மாட்டுக் கொட்டத்தில் நின்று, அழுகைச் சத்தம் வரும் வரும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொம்பளைகள் பேசுகிற சத்தம்தான் வந்தது. ஒருத்தி தண்ணீர் தெளி என்றாள், ஒருத்தி வெங்காயம் கொண்டா என்றாள், ஒருத்தி ஜெபம் பண்ணினாள். பிறகு பேச்சும் நின்றுவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியவில்லை.

முதல் பரீட்சையில் அவள் நின்றுபோன கேள்வி எது என்று எனக்கு அப்போதுதான் எட்டியது. நடுவில் கேட்டதால் நின்றாள் என்று ரோஸி சொன்னது ரோஸிக்குத் தெரிந்த காரணம்.

"அதைப் போயி ஏன் அங்கன வச்ச?" என்றேன்.

"வேற எங்க வைக்க மாமா?"

மேடு வந்தது. ஆம்பிளைகள் இறங்கினோம். வியாபாரி வெற்றிலைக் கட்டை அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் நின்று தள்ளினார். திரும்ப ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கின பிறகு சொன்னேன்:

"சாமான் போச்சுன்னா பாடத்தை இடம் மாத்தி வை. வீட்டுல குலுக்கை ஒண்ணுதானா இருக்கு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டைக் கடைகள் தெரிய ஆரம்பித்த பிறகுதான், "வச்சுட்டேன் மாமா" என்றாள்.

"எங்கன?"

"சொல்லமாட்டேன். நீங்க அதையும் தூக்கி வெளியில வச்சுருவீக."

ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கம் ஆம்பிளைகளை விடமாட்டார்கள். ரோஸி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நான் சுவரை ஒட்டி ஜன்னல் ஓரமாகக் குந்தினேன். ஒட்டுக் கேட்கவில்லை. நிழல் அங்கேதான் இருந்தது.

மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா கண்டிப்பான குரல்காரி. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் சம்பந்தமில்லாமல் கேட்டாள். நூலை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பாய், காய்ச்சல் கண்டால் என்ன செய்வாய், நகம் எதற்கு வெட்ட வேண்டும். ஜெயசெல்வி சொல்லிக்கொண்டே வந்தாள். ராகம் இல்லை. சில கேள்விகளுக்கு முன்னால் கொஞ்சம் தாமதம். அந்த நேரத்தில் மனசுக்குள் எந்தப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறாளோ என்று நினைத்தேன்.

"குழந்தை பிறந்துவிட்டது. அழவில்லை. நீ என்ன செய்வாய்?"

சத்தமில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒருத்தி மருந்துப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், ஆனாலும் நிறுத்தினாள்.

"கேள்வி புரிகிறதா?" என்றாள் டாக்டரம்மா.

"புரியுதும்மா."

பிறகு பேசினாள். பரீட்சைக்குச் சொல்கிற மாதிரி இல்லை, பக்கத்தில் நிற்கிற ஒருத்தியிடம் வேலை ஏவுகிற மாதிரி இருந்தது. "பயப்படக் கூடாது. தண்ணி தெளிக்கக் கூடாது. சுத்தமான துணியை விரல்ல சுத்தி வாயைத் துடைக்கணும், மூக்கைத் துடைக்கணும். தலையைத் தாழ்த்திப் பிடிக்கணும். முதுகைத் தேய்க்கணும். உள்ளங்காலைத் தட்டணும். அதுக்கும் அழலைன்னா வாயோட வாய் வச்சு மெல்ல ஊதணும். பெரிய மூச்சா ஊதக் கூடாது, கன்னத்துல இருக்க காத்து போதும்."

"எதுவரைக்கும்?"

"டாக்டர் வந்து போதும்னு சொல்ற வரைக்கும்."

"டாக்டர் வர நேரமானால்?"

"நேரமானா நேரமாகட்டும்மா. கையை எடுக்க மாட்டேன்."

டாக்டரம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. நான் மறுபடியும் குந்தினேன். புட்டி கழுவுகிறவள், "உங்க மகளா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ரோஸி வெளியே வந்தாள். அவள் பல்லைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"பாஸு, பெரியவரே. அதோட இன்னொண்ணு. வீரசோழன்ல புதுசாப் பிரசவ விடுதி தொறக்காக. தை பொறந்ததும் உங்க மருமக அங்க போகணும். அங்கயே தங்கணுமாம். டாக்டரம்மா இப்பவே கேக்காக."

"அவ என்ன சொன்னா?"

"சரின்னுட்டா."

வீட்டில் ஞானப்பூவிடம் இதை யார் சொல்வது? அஸ்ஸாமில் இருக்கிறவனுக்கு யார் எழுதுவது? பக்கத்தில் இருக்கும் திருச்சுழியில் வேலை போடுவார்கள், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். மாமனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் சாமான் பேர் சொல்லத்தான் நான் வேண்டியிருந்தது.

ரோஸி என் முகத்தைப் பார்த்து வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். "இப்பவாச்சும் நம்புதீகளா? ராகம் போட்டு ஒப்பிச்சதை விட்டுட்டு, மூடி வச்சுக் கேட்டு, விட்டு விட்டுப் பாத்து, இடம் வச்சுப் படிச்சா. யுக்தி பலிச்சுதா இல்லையா?"

"நூல் கொதிக்கவைக்கிறதுக்கு உன் யுக்தி பலிச்சிருக்கலாம்" என்றேன். "கடைசியாக் கேட்டாகளே ஒண்ணு, அதை அவ மறந்த நாளே கிடையாது. மறக்காததுக்கு எதுக்கு யுக்தி?"

ரோஸியின் சிரிப்பு போய்விட்டது. "மனசுல கெடக்கது வேற பெரியவரே. கேட்ட நேரத்துல வாயில வாரது வேற. போன தடவையும் அது அவ மனசுலதான கெடந்துச்சு?"

நர்ஸுக்குப் படித்தவர்கள் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். உள்ளே ஜெயசெல்வியின் குரல் கேட்டது. டாக்டரம்மாவிடம் வீரசோழனுக்குப் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் என் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"நீ சொல்றதைச் சொல்லு. எனக்கு ஒப்பலை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தேன்.